கத்தியின் பிடியும் தொழிலாளியின் கையும்

கத்தி வாங்குகிறவர் இரும்பைப் பார்க்கிறார். கத்தியைப் பிடிக்கிறவர் பிடியைப் பார்க்கிறார். நம் தோட்டங்களில் வாங்குகிறவர் ஒருவர், பிடிக்கிறவர் வேறொருவர். வாங்குகிறவர் விலையை எண்ணுகிறார். பிடிக்கிறவர் கையிலே கொப்புளத்தை எண்ணுகிறார். இந்த இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதுண்டா என்பதுதான் நாம் இன்று எழுப்பும் கேள்வி.

“சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, வேலை நிரந்தரம் இருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சங்கப் பத்திரிகையில் கத்திப் பிடியைப் பற்றி எழுத வேண்டுமா?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் நாளைக்கு 500 மரம் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரம் ஒன்றுக்குப் பத்தே இழுப்பு என்று குறைத்தே கணக்கிட்டாலும் நாளைக்கு 5,000 இழுப்பு. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1,25,000 தடவை அந்தக் கை அந்தப் பிடியை இறுக்கித் தளர்த்துகிறது. மனைவியின் கையைக்கூட அத்தனை தடவை நாம் பிடித்ததில்லை! மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப் போகிறது, காலையில் எழுந்தால் கையை மடக்க முடியவில்லை என்று நம் தாய்மார்கள் சொல்வதை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். பிடியின் மேல் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னும் ஒன்று. பால் வெட்டு என்பது விறகு வெட்டு அல்ல. பட்டையில் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். உள்ளே மரத்தை ஒட்டி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் மரத்தின் உயிர். இருட்டு விலகுமுன், பனி ஈரத்தில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் இந்த வேலை நடக்கிறது. பிடி அரை மயிரிழை ஆடினாலும் கத்தி ஆழப் பாயும். மரத்தில் காயம் விழும். மண்டோர் வந்து காயத்தைக் குறிப்பார். கிராணி புத்தகத்தில் ஏற்றுவார். திட்டு தொழிலாளிக்குப் போகும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் “பிடி ஆடியது” என்று ஒரு வரி எழுதப்படுவதில்லை. கை வழுக்கி விரலில் வெட்டு விழுந்தாலும் அப்படித்தான். “கவனக் குறைவு” என்ற ஒரே சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது. பிடிக்குக் கவனம் செலுத்தாதவர்கள் தொழிலாளியின் கவனத்தைக் குறை சொல்லுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பிடி என்றால் அற்பம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

1842-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வில்லியம் மாண்ட்கோமரி என்ற வெள்ளைக்கார வைத்தியர் இருந்தார். காட்டு வேலை செய்த ஒரு மலாய்த் தொழிலாளியின் பாராங் கத்தியை அவர் கண்டார். அதன் பிடி மரமும் அல்ல, கொம்பும் அல்ல. தாம் அதுவரை அறியாத ஒரு பொருளாக இருந்தது. விசாரித்தார். அது ஒருவகைக் காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் மாவு போல இளகும், கையால் வேண்டிய வடிவத்துக்குப் பிசைந்துகொள்ளலாம், ஆறினால் கெட்டியாகும். அதாவது அந்தத் தொழிலாளி தன் கைக்கு எது பொருந்துமோ அதைத் தானே வார்த்துக்கொண்டிருந்தார். மலாயில் அதற்குக் கெத்தா பெர்ச்சா என்று பெயர். நாம் ‘கித்தா’ என்று சொல்கிறோமே, அதற்கு மூலம் இந்தக் ‘கெத்தா’ என்ற சொல்தான்.

வைத்தியர் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே கலைச் சங்கத்தார் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தார்கள். இந்தப் பால் மின்சாரத்தைக் கடத்தாது, கடல் நீரில் கெடாது என்று கண்டார்கள். தந்திக் கம்பிக்கு இதைப் போர்த்திக் கடலடியில் போட்டார்கள். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி ஓடிற்று. 1866-இல் அட்லாண்டிக் மாகடலைத் தாண்டிற்று. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வந்தது. நம் முன்னோர்கள் வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து கடந்த கடலைச் செய்தி ஒரு நொடியில் கடந்தது. இத்தனைக்கும் தொடக்கம் எது? ஒரு கூலியாளின் கத்திப் பிடி!

பதக்கம் வைத்தியருக்கு. இலாபம் கம்பெனிகளுக்கு. அந்தப் பிடியைச் செய்தவர் பெயர் வரலாற்றில் எங்கே? பெயரே இல்லை. மரமும் மிஞ்சவில்லை. பால் எடுக்க முழு மரத்தையும் வெட்டிச் சாய்த்ததால் சில ஆண்டுகளுக்குள்ளேயே சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் அரிதாகிவிட்டது. வெட்டாமலே நாள்தோறும் பால் தரும் ரப்பர் மரம் பிறகு வந்தது. 1877-இல் நம் பேராக்கில் கோலக்கங்சாரில் ஒன்பது கன்றுகள் நடப்பட்டன என்பதும், அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது என்பதும் பலருக்குத் தெரியும். கெத்தா பெர்ச்சாவும் ரப்பரும் அடிப்படையில் ஒரே பொருள்தான். அணுக்கள் அமைந்திருக்கும் முறை மட்டும் வேறு. அதனால் ஒன்று வளைகிறது, மற்றொன்று விறைக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள்.

இந்த வரலாற்றில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கெத்தா பெர்ச்சா கடலடியில் பல்லாண்டு தாங்கியது. அதே பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டால் நாளடைவில் உலர்ந்து நொறுங்கும். ஆகவே, எந்தப் பொருளும் தன்னளவில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. இடத்துக்கும் வேலைக்கும் ஏற்றதா என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, இன்று தோட்டத்தில் புழங்கும் பிடிகளைப் பார்ப்போம்.

முதலாவது மரம். மரப் பிடியைப் போல் கைக்கு இதமானது வேறில்லை. வியர்வையை இழுக்கும், வெட்டின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும், வெயிலில் சுடாது, தேய்ந்தால் சீவித் திருத்தலாம். ஆனால் எந்த மரம்? நம்மைச் சுற்றி ரப்பர் மரம் இருக்கிறதே என்று அதிலேயே ஒரு துண்டை அறுத்துப் பிடி போடுகிறவர்கள் உண்டு. மருந்தேற்றாத ரப்பர் பலகையைப் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடிக்கும். மேசை நாற்காலிக்குப் போகும் ரப்பர் பலகைக்கு ஆலையில் போரான் மருந்து ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். காட்டு ஈரத்தில் கிடக்கும் கத்திக்கு அது உதவாது. செங்கால் போன்ற கனமரம் உளுக்காது; ஆனால் கனமும் விறைப்பும் அதிகம், நாள் முழுதும் வீசும் கைக்குச் சுமை. நம் லயத்துக் கொல்லையில் நிற்கிறதே கொய்யா மரம், அது இறுக்கமும் இழைவும் உள்ளது. பிடிக்கு ஏற்றது என்று கிழவர்கள் சொன்னது உண்மைதான். கெமுனிங் கட்டையை மலாய்க்காரர்கள் கிரிஸ் பிடிக்கே தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் கலப்பைக்கும் கருவிப் பிடிக்கும் கருவேலத்தைத் தேடிப் போனார்கள். எந்த மரமானாலும் இரண்டு விதி. இழை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். பச்சையாகப் போடாமல் நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். மேலே மெருகெண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினால் கடைக்கு அழகு. ஈரக் கைக்கு ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பிடி ஆடினால் இரவெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறப் போடுகிறோம். காலையில் இறுகியிருக்கிறது, மகிழ்ச்சியோடு காட்டுக்குப் போகிறோம். நடப்பது என்ன? ஊறிய மரம் பருக்கிறது. பருக்க இடமில்லாமல் இரும்போடு நெரிந்து தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்ளுகிறது. வெயில் ஏறி உலரும்போது முன்னிருந்த அளவைவிடச் சுருங்கிவிடுகிறது. இன்று இறுகியது நாளை முன்னைவிட அதிகமாக ஆடும். கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்றதே இது.

இரண்டாவது பிளாஸ்டிக். நிர்வாகத்துக்குப் பிடித்தமானது இதுதான். விலை மலிவு, உளுக்காது, எல்லாம் ஒரே அளவு. உளுக்காது என்பது உண்மை; அதை மறுக்கவில்லை. ஆனால் வழவழப்பான பிளாஸ்டிக் வியர்வையை இழுக்காது. பால் பட்ட கையில் வழுக்கும். மலிவுச் சரக்கு வெயிலில் கிடந்து கிடந்து விறைத்து வெடிக்கும். ஆகவே பிளாஸ்டிக் கொடுப்பதானால் சொரசொரப்பான மேற்புறமும், கை நழுவி அலகுக்குப் போகாமல் தடுக்கும் முன்தடையும் உள்ளதாகக் கொடுக்கட்டும்.

மூன்றாவது ரப்பர். உலகத்துக்கெல்லாம் ரப்பர் கொடுத்தவர்கள் நாம். நம் கத்திக்கு நாமே பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக்கொள்ளுகிறோம்! பிடிப்பு நன்றாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுற்றின் அடியில் ஈரம் தங்கி, மரம் வெளியே தெரியாமல் உள்ளே உளுக்கும். இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் பெட்ரோலும் பகை. பட்டால் ஊதி இளகும். செம்புக் கம்பியால் கட்டினால் செம்பும் ரப்பரைக் கெடுக்கும். டியூப் சுற்றுகிறவர்கள் மாதம் ஒரு தடவையாவது அவிழ்த்துப் பார்த்து, உலர்த்தி மீண்டும் சுற்றுவது நல்லது.

நான்காவது இரும்புக் குழாய். அலகோடு பற்ற வைத்துக் கொடுக்கிறார்கள். கழறாது, உடையாது. ஆனால் கட்டையில் கொத்தும் ஒவ்வொரு கொத்தும் நேராக முழங்கைக்கு ஏறுகிறது. வெளிக்காட்டு வேலையில் நாள் முழுதும் பாராங் வீசும் ஆளுக்கு இது கத்திப் பிடி அல்ல, தண்டனை.

பேராக்கின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டன. அங்கே பிடி என்பது உயிர்ப் பிரச்சினை. உயரத்துக் குலையை அறுக்க நீண்ட கழியில் அரிவாளைக் கட்டுகிறோம். முன்பு மூங்கில், இன்று பெரும்பாலும் அலுமினியக் குழாய். இலேசானது, நீளமானது, வளைவு குறைவு, நல்லதுதான். ஆனால் அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி ஓடும் நிரையில் அந்தக் கழி கம்பியைத் தொட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. மூங்கிலும் நனைந்திருந்தால் நம்பத்தக்கதல்ல. அந்த நிரையில் எந்தக் கழியைக் கொடுப்பது, எந்த மரத்தை விட்டுவிடுவது என்பதைக் குலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் நேரத்தில் தீர்மானிக்கக்கூடாது. கழி வாங்கும் நேரத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

பொருளைப் போலவே அளவும் முக்கியம். 2004-இல் அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் கைக்கருவிகளைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார்கள். வலுவோடு பிடிக்கும் கருவிக்கு 32 முதல் 51 மில்லிமீட்டர் வரை குறுக்களவு வேண்டும் என்றும், பிடி உள்ளங்கையின் அகலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்றும், விரல் பள்ளம் வெட்டிய பிடி வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளம் ஒருவர் விரலுக்குப் பொருந்தினால் இன்னொருவர் விரலை அறுக்கும். குட்டையான பிடியின் நுனி உள்ளங்கையின் நடுவில் குத்தும். நம் பால்வெட்டுத் தொழிலாளர்களில் எத்தனை பேர் பெண்கள்! ஆறடி ஆளுக்கும் நாலே முக்கால் அடி அம்மாவுக்கும் ஒரே பிடி என்றால், இருவரில் ஒருவர் கை கெடுகிறது. மேல் வெட்டுக்கு உளியைத் தள்ளுகிறோம். கீழ் வெட்டுக்கு ஜெபோங் கத்தியை இழுக்கிறோம். தள்ளும் கைக்கும் இழுக்கும் கைக்கும்கூடப் பிடி ஒன்றாக இருக்க முடியாது.

இனி, பொருத்தும் முறை. எவ்வளவு நல்ல கட்டையானாலும், அலகின் வால் அரைவிரல் நீளத்துக்கு உள்ளே போய் நின்றால் பயனில்லை. வால் பிடியின் மறுமுனை வரை ஊடுருவிப் போய், அங்கே மடக்கி அறையப்பட வேண்டும். அல்லது குறுக்காக ஆணி வைத்துத் தைக்க வேண்டும். வாய்ப்புறத்தில் பூண் வேண்டும். பூண் இல்லாத பிடி பிளப்பதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கும்போது இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

“இவ்வளவும் தொழிலாளியே பார்த்து வாங்கிக்கொள்ளட்டுமே” என்று நிர்வாகம் சொல்லலாம். தேர்ந்தெடுப்பது தொழிலாளியாக இருக்க வேண்டும் என்பதே நம் கட்சி. விலை கொடுப்பது யார் என்பது வேறு கேள்வி. அதற்குச் சட்டத்தைப் பார்ப்போம்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஆபத்தில்லாத சாதனங்களைத் தந்து அவற்றைப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. சாதனம் என்றால் ஆலை எந்திரம் மட்டும் அல்ல. கைக்கருவியும், அதன் உறுப்புகளும், அதோடு பொருத்தியவையும் அதில் சேரும் என்று அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. கத்திக்குப் பொருத்தியது பிடியன்றி வேறென்ன? இந்தச் சட்டத்தின்படி செய்ததற்கும் கொடுத்ததற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆகவே ஆடாத பிடி தொழிலாளியின் சொந்தச் செலவு அல்ல என்பதே நம் வாதம். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த திருத்தத்தால், முதலாளி தம் கடமை தவறினால் விதிக்கத்தக்க அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5,00,000 வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. சில வெள்ளிப் பிடியை மிச்சம் பிடிப்பவர்கள் இந்தத் தொகையையும் எண்ணிப் பார்க்கட்டும்.

30-ஆம் பிரிவின்படி 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். நம் பிரதிநிதிகள் அந்தக் குழுவில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு எழுந்து வருவதற்காக அனுப்பப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வையுங்கள். ஒன்று: கத்தி வாங்குமுன் இரண்டு மூன்று வகைப் பிடியை வரவழைத்து, ஆணும் பெண்ணுமாகச் சில தொழிலாளர்களிடம் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அவர்கள் சொல்லுவதே முடிவாக வேண்டும். இரண்டு: ஆடும் பிடியையும் வெடித்த பிடியையும் அன்றைக்கே மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்குக் காசு பிடிக்கக்கூடாது. மூன்று: விபத்து அறிக்கையில் கருவியின் நிலை என்ன என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும், சொக்சோவுக்குப் போகும் தாளிலும் அது இருக்க வேண்டும்.

நம் கிராணி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சாமான் அறைப் புத்தகத்தில் “கத்தி 1” என்று எழுதுகிறோம். அதன் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, என்ன பிடி, என்றைக்குக் கொடுத்தது, என்றைக்கு மாற்றியது என்று குறித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஓர் ஆண்டு அப்படி எழுதினால், எந்தப் பிடி எத்தனை மாதம் தாங்குகிறது என்று நம் புத்தகமே பேசும். மலிவென்று வாங்கியது மாதந்தோறும் மாறுகிறது, விலை கூடியது ஆண்டெல்லாம் நிற்கிறது என்றால், நிர்வாகத்துக்கே அது புரியும் மொழி. பேச்சு வார்த்தை மேசையில் கோபத்தைவிடக் கணக்கு அதிகம் பேசும். அந்தக் கணக்கை எழுதும் பேனா நம் கையில் இருக்கிறது.

தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்வதும் இதுதான். பிடி ஆடினால் மௌனமாகத் துணி சுற்றிக்கொண்டு போகாதீர்கள். பெரட்டிலேயே காட்டுங்கள், மாற்றிக் கேளுங்கள், மறுத்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதே கைதான், இதே வலிதான். பாஷை தெரியாமல் அவர் பேசாதிருந்தால் அவருக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.

1842-இல் தன் கைக்கேற்ற பிடியைத் தானே வார்த்துக்கொண்ட அந்தத் தொழிலாளியின் அறிவு உலகத்தையே இணைத்தது. ஆனால் அவருக்குக் குரல் இல்லை, சங்கம் இல்லை, பெயரும் நிற்கவில்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கை நம்முடையது, அது பிடிப்பது எது என்று சொல்லும் உரிமையும் நம்முடையதே.